ஒக்லூஷன்: கடிப்பொருத்தமா, மெல்லும் பரப்பா?

பல் கிளிப்போ அலைனரோ (பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டுக்கொண்டு தொலைவிலிருந்தே மருத்துவரிடம் காட்டிவருபவர்களுக்கு வரும் குறிப்பில் பெரும்பாலும் ஐந்து படங்கள் கேட்டிருப்பார்கள்: ‘ஒக்லூஷன்’ தெரியும்படி நேராக, வலம், இடம் என மூன்று, ‘ஒக்லூசல்’ படம் மேல், கீழ் என இரண்டு. முதல் மூன்றுக்கும் பற்களைக் கடித்து மூட வேண்டும். மற்ற இரண்டுக்கும் வாயை அகலத் திறக்க வேண்டும். ஒரே வேரில் பிறந்த இரு சொற்கள் நேரெதிரான செயலைக் கேட்பதால் குழப்பம் வராமல் இருந்தால்தான் வியப்பு.

இலத்தீனில் மூடுதலைக் குறிக்கும் வினையோடு முன்னொட்டு சேர்ந்து, அடைத்து மூடுதல் என்ற பொருளில் உருவான சொல் இது. இரத்தக்குழாய் அடைப்புக்கும் மருத்துவர்கள் இதையே சொல்வதால் ‘அடைப்பு’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். பல்லுக்கு அது ஒத்துவராது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று வந்து சேரும் விதமே இங்கு ஒக்லூஷன். ஆகவே ‘கடிப்பொருத்தம்’ சரியான தமிழ். அப்படிச் சேரும் இடம், அதாவது கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளமான தலைப்பகுதி, ஒக்லூசல் பரப்பு. இதை ‘மெல்லும் பரப்பு’ எனலாம். (சுருக்கி ‘அரைபரப்பு’ என்றால் பாதிப் பரப்பென்றும், ‘மெல்பரப்பு’ என்றால் மென்மையான பரப்பென்றும் படிக்க இடமுண்டு. நீளமானாலும் முழுச்சொல்லே நல்லது.) ‘மாலொக்லூஷன்’ கடிப்பிறழ்வு. தெத்துப்பல் அதில் ஒரு வகைதான். வரிசை நேராக இருந்தும் கடி பிறழ்ந்திருக்கலாம்.

கடிப்பிறழ்வை அமெரிக்கப் பல்மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்வெளி முகடு (கன்னப் பக்கத்தில் முன்னால் உள்ள மேடு) கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் உட்காருகிறதா என்பதே அவர் வைத்த அளவுகோல். பக்கவாட்டுப் படத்தில் அந்தப் பல்வரை தெரிய வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அதற்குக் கன்னத்தை விலக்கும் பிளாஸ்டிக் ரிட்ராக்டர் இரண்டு வேண்டும். இல்லையென்றால் சுத்தமான இரண்டு கரண்டிக் காம்புகளால் ஓரளவு சமாளிக்கலாம். ரிட்ராக்டரைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போடுங்கள். உலர்ந்த உதட்டில் ஒட்டி இழுக்கும். படமெடுக்கும் பக்கத்தை மட்டும் காதை நோக்கி நன்றாக இழுத்து, மறுபக்கத்தைத் தளர விட வேண்டும். இரண்டையும் ஒரே வலுவில் இழுத்தால் உதடு இறுகி, கடைவாய்ப்பல் கன்னத்துக்குள் மறைந்துவிடும். கேமரா பல்வரிசைக்குச் செங்குத்தாக நிற்கட்டும். முன்பக்கமாகச் சாய்த்து எடுத்தால் மேல்பற்கள் உள்ளதைவிடப் பின்தள்ளி இருப்பதுபோலத் தெரியும். மேல்பற்கள் முன்தள்ளி நிற்கும் இரண்டாம் வகுப்புக் கடி, அந்த முகடு பள்ளத்தில் சரியாக உட்காரும் முதல் வகுப்பாக ஏமாற்றும்.

நேர்ப்படத்தில் வழக்கமான பிழை, ‘கடியுங்கள்’ என்றதும் கீழ்த்தாடையை முன்னே தள்ளி வெட்டுப்பற்களை நுனியோடு நுனி வைத்துவிடுவது. எச்சிலை விழுங்கிவிட்டுக் கடைவாய்ப்பற்களால் கடித்து, அப்படியே நிறுத்துங்கள். கேமரா பற்களின் உயரத்திலேயே இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் கடி ஆழமாகவும், கீழிருந்து எடுத்தால் ஆழம் குறைந்தும் தெரியும்.

மெல்லும் பரப்புப் படங்களுக்கு உதவியாளர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேல்வரிசைக்குத் தலையை நன்றாகப் பின்சாய்க்க வேண்டும். கீழ்வரிசைக்கு நாக்கைப் பின்னால் மடக்க வேண்டும். கேமரா சாய்ந்தால் வரிசை குறுகி, பல்நெரிசல் அதிகமாக இருப்பதுபோலத் தோன்றும்.

பின்கேமராவையே பயன்படுத்துங்கள். செல்ஃபி கேமரா சில போன்களில் இடவலம் மாற்றிச் சேமிக்கும். இடது கடி வலது கடியாகப் போய்ச் சேரும். மிக அருகில் கொண்டுபோனால் சில போன்கள் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி முன்பற்களைப் பெருக்கிக் காட்டும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து, ஃப்ளாஷ் போட்டு எடுப்பதே மேல். எச்சில் பளபளப்பு அலைனர் விளிம்பின் இடைவெளியை மறைக்கும், முதலில் துடைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். வேரின் நிலையும் எலும்பும் எந்தப் படத்திலும் வராது. அவற்றுக்கு எக்ஸ்ரேதான் வேண்டும்.