தர்மம் என்ற சொல்லும் ஒப்புரவு என்ற சொல்லும்

தர்மபுரி பேருந்து நிலையத்தில் கையேந்தி நிற்கும் முதியவர் கேட்பது தர்மம். அரசு மருத்துவமனையை எங்கள் பாட்டி கடைசிவரை ‘தர்மாஸ்பத்திரி’ என்றுதான் சொன்னார். திருப்பதியில் காசு கட்டாமல் வரிசையில் நின்று சாமி பார்ப்பது தர்ம தரிசனம். மூன்றிலும் தர்மம் என்றால் இலவசம், அவ்வளவுதான். வடமொழியில் இச்சொல் ‘த்ரு’ என்ற வேரிலிருந்து வந்தது. தாங்குதல், பற்றி நிறுத்துதல் என்பது அவ்வேரின் பொருள். ஒழுங்கு, கடமை, நீதி என்று அங்கே விரிந்த சொல், நம் பேச்சில் தட்டில் விழும் நாணயமாகச் சுருங்கிவிட்டது.

விரிந்த பொருளுக்குத் தமிழில் அறம் இருக்கிறது. சுருங்கிய பொருளுக்குத்தான் தடுமாறுகிறோம். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குத் தருவதை நாளிதழ்கள் உதவி, நிதியுதவி, நன்கொடை என்று மாற்றி மாற்றி எழுதுகின்றன. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதற்கேற்ப வாங்குபவரின் உயரமும் மாறிவிடுகிறது. அதனால் இதை வெறும் அகராதி வேலையாக நான் நினைக்கவில்லை.

முதலில் நினைவுக்கு வருவது ஈகை. பழைய சொல். தர்மபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில் இதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று, திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டெடுக்கப்பட்டது. துறவியர் தங்குவதற்கு அவன் கொடுத்த குகையை அது ‘ஈத்த பாளி’ என்கிறது. ஆனால் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் தொல்காப்பியம் கேட்பவரின் வாய்ச்சொல்லாக வைத்துப் பிரிக்கிறது. தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. ஆக, ஈகை என்னும்போதே ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்றுவிடுகிறார்கள்.

ஈகைக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வறியவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை’ என்கிறது குறள். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுப்பது குறியெதிர்ப்பை. இன்று இச்சொல் வழக்கில் இல்லை, ஆனால் பழக்கம் இருக்கிறது. களி கிண்டும் நேரத்தில் கேழ்வரகு மாவு குறைந்தால் பாட்டி என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார். அவர்கள் படியில் மாவைப் போட்டு, விரலால் தலைதட்டி, என் பாத்திரத்தில் கொட்டுவார்கள். மாவு அரைத்து வந்த அன்றே அதே படி, அதே தலைதட்டல், திரும்பிப் போகும். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதை யாரும் தர்மம் என்று சொல்லிக்கொண்டதில்லை.

நாடுகள் சொல்லிக்கொள்கின்றன. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல்.480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்படி இந்தியாவுக்குக் கோதுமை வந்தது, பல லட்சம் பேரின் பசியும் ஆறியது. 1960களின் நடுவில் பஞ்சம் வந்தபோது, அதே கோதுமையை அதிபர் ஜான்சன் மொத்தமாக விடாமல் கப்பல் கப்பலாக அளந்து விட்டார். நம் வேளாண் கொள்கை மாற வேண்டும் என்ற அழுத்தமும், வியட்நாம் போரை இந்தியா குறைகூறிய கோபமும் அந்த அளவைக்குள் இருந்தன.

நம் வீட்டுக் குழாயிலும் இந்தக் கணக்கு ஓடுகிறது. என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள். நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடுதான் காரணம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ‘ஜப்பான் நிதியுதவியுடன்’ என்று எழுதினார்கள். வந்தது குறைந்த வட்டிக் கடன். அந்தத் தண்ணீரின் அருமை எங்களுக்குத் தெரியும், நன்றியும் உண்டு. ஆனால் திருப்பிக் கட்டும் பணத்துக்குக் கடன் என்றே பெயர் வைக்க வேண்டும். 1970இல் ஐ.நா. பொதுச்சபை, பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவிக்குத் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. பெரும்பாலான நாடுகள் அதை இன்றும் எட்டவில்லை. அந்த உதவிக் கணக்கில் சலுகைக் கடன்களும் இடம்பிடிக்கின்றன.

தமிழில் கடன் என்றால் வாங்கிய பணம் மட்டும் இல்லை, செய்தே தீர வேண்டிய கடமையும் அதுதான். இங்கேதான் ஒப்புரவு வருகிறது. ஒப்பு என்பதன் அடியில் பிறந்த சொல், எல்லோரையும் தம்மோடு ஒப்ப வைத்து நடத்தல் என்பது அதன் உட்கிடை. குறளில் ஈகைக்கு முந்திய அதிகாரம் ஒப்புரவறிதல். அதன் முதல் குறளே ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று தொடங்கி, மழையை எடுத்துக்காட்டுகிறது. மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும்? கடப்பாடு என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர், வங்கதேச அகதிகள் பட்டினி கிடந்ததை முன்வைத்து 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வாதமும் இதுவே. குட்டையில் மூழ்கும் குழந்தையைக் கண்டால் உடை சேறாகும் என்று நிற்க மாட்டோம். பக்கத்துக் குழந்தைக்குச் செய்யும் கடமை பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கும் குழந்தைக்கும் உண்டு. அதைக் கொடுத்தால் பெருமை, கொடுக்காவிட்டால் குற்றமில்லை என்று தர்மக் கணக்கில் எழுத முடியாது என்றார். இதற்குரிய தமிழ்ச்சொல் ஒப்புரவு என்பதில் எனக்கு ஐயமில்லை. கத்தோலிக்க நண்பர்கள் பாவமன்னிப்பு அருட்சாதனத்தை ஒப்புரவு என்கிறார்கள். உறவைச் சமன் செய்வது என்ற பொருள் அங்கேயும் இருப்பதால் மோதல் இல்லை.

தொலைவு கடமையைக் குறைக்காது, சரி. ஆனால் தொலைவில் இருப்பவரைத் தெரிந்துகொள்ளாமலே கொடுக்கலாமா? இதற்கு விடை சொன்னவர் இதே தகடூருக்கு வந்துபோன புலவர். குன்றும் மலையும் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலே, ‘இதைக் கொண்டு செல்க’ என்று அதியமான் பரிசு அனுப்பினான். அவர் வாங்கவில்லை. ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்றார். தினையளவே ஆனாலும் என் தகுதி அறிந்து, பேணித் தந்தால் இனிது என்றார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு. பசித்தவர் சொன்னது என்பதால்தான் அது எனக்கு உறைக்கிறது.

2015இல் கடலூர் வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் துணி சேர்த்தோம். திண்ணையில் குவிந்த மூட்டையை அவிழ்த்த எங்கள் அத்தை, நைந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே போட்டார். “இதை நீ கட்டுவாயா? முதலில் அங்கே யாருக்காவது போன் போட்டு, என்ன வேண்டும் என்று கேள்” என்றார். கேட்டோம். சேலை நிறைய வந்துவிட்டது, பாயும் உள்பாவாடையும் அனுப்புங்கள் என்றார்கள்.