காலையில் சரியாகிவிடுகிற காது

கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷனில் டிஜே, கல்லூரி கல்சுரல்ஸ். எதுவானாலும் சரி, ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நின்று இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு வந்தால் காது அடைத்துக்கொள்கிறது. உள்ளே ‘ஙொய்’ என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கிறது. தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. போய்விடுவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. இது தற்காலிகமான செவித்திறன் குறைவு, கேட்கும் திறன் திரும்பிவிட்டதென்றால் காதுக்குச் சேதமில்லை என்று நினைத்தார்கள். 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வந்த ஓர் எலி ஆராய்ச்சி இந்த நிம்மதியைக் கலைத்தது.

அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். செவிப்பறையின் அதிர்வு மூன்று குட்டி எலும்புகள் வழியாக, பள்ளிப் பாடத்தில் நத்தை எலும்பு என்று படித்த காக்ளியாவுக்குப் போகிறது. திரவம் நிறைந்த அந்தச் சுருளுக்குள் வரிசையாக நிற்பவை மயிர்ச்செல்கள். பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 15,000. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், காதின் கையிருப்பு எவ்வளவு சொற்பம் என்று தெரியும். இதிலும் ஏறக்குறைய 3,500 உட்புறச் செல்கள்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மீதியுள்ள வெளிப்புறச் செல்கள், அதிர்வுக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. சத்தத்தில் முதலில் சாவது இந்தப் பெருக்கிகள்தான். செத்தால் புதிதாக முளைக்காது. பறவைகளுக்கு முளைக்கும் என்று 1980-களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். கோழிக்குக் கிடைத்த வரம் நமக்கு இல்லை.

மிகையான ஒலி வரும்போது இந்தச் செல்களின் நுனி இழைகளை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணிய இணைப்புகள் அறுகின்றன. அவற்றில் பல ஓரிரு நாளில் திரும்பவும் கட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கம், அளவுக்கு மீறி வேலை செய்த செல்லுக்குள் கெடுதலான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் குவிகின்றன. பாட்டு நின்ற பிறகும் சில நாட்களுக்கு இது தொடர்கிறது. அதாவது சனிக்கிழமை கச்சேரியால் ஒரு செல் செவ்வாய்க்கிழமை சாகக்கூடும்.

இப்போது பாஸ்டன் எலிகள். ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இருவரும் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். கேட்கும் திறன் குறைந்தது, பிறகு சில நாட்களில் பழைய நிலைக்கே வந்தது. மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் உட்புறச் செல்களும் செவி நரம்பும் சந்திக்கும் இணைப்புகளை எண்ணியபோது, உயர் அதிர்வெண்களுக்கான பகுதியில் ஏறத்தாழ பாதி காணாமல் போயிருந்தன. அவை திரும்பி வரவில்லை. இணைப்பை இழந்த நரம்பு செல்களும் மாதக்கணக்கில் மெதுவாக அழிந்தன.

அப்படியானால் சோதனையில் ஏன் தெரியவில்லை? அமைதியான அறையில் ஒரு ‘பீப்’ கேட்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான செவித்திறன் சோதனை. அதற்குக் கொஞ்சம் நரம்பிழைகள் இருந்தாலே போதும். பேருந்து நிலையத்தில் நண்பன் சொல்வதைப் பிரித்தெடுக்கத்தான் எல்லா இழைகளும் தேவைப்படுகின்றன. மனிதர்களிடம், குறிப்பாக இளைஞர்களிடம், இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘காலையில் சரியாகிவிட்டது’ என்பதை இனி ஆதாரமாகக் காட்ட முடியாது.

சத்தத்தால் வரும் நிரந்தரக் குறை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. காதுத் துவாரத்தின் நீளமே 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்ட ஒலிகளைக் கூட்டி உள்ளே அனுப்புவது இதற்கு ஒரு காரணம். உயிரெழுத்துகளின் பலம் இதற்குக் கீழே இருப்பதால் குரல் நன்றாகவே கேட்கும். ச, ஸ, த, ப போன்றவற்றின் சீறலும் சின்ன வெடிப்பும்தான் நழுவும். கட்டு, தட்டு, பட்டு எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். ‘கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல’ என்பதுதான் இவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை.

சரி, எவ்வளவு சத்தம் அதிகம்? டெசிபலை மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது, நேரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபலில். இதை போன் டேட்டா பேக் மாதிரி நினைத்துக்கொள்ளலாம்: வாரம் முழுக்கச் சிக்கனமாகவும் செலவழிக்கலாம், ஒரே நாளில் தீர்த்தும் விடலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அனுமதி நேரம் பாதியாகிறது. 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10, 89-இல் 5. 101 டெசிபலுக்குப் போனால் 20 நிமிடத்துக்குள் வாரக் கணக்கு முடிந்தது. பெரிய ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நிற்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

இயர்போனில் விஷயம் வேறு. அதில் பாட்டைவிட பஸ்தான் வில்லன். எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றுகிறோம், இறங்கிய பிறகு குறைக்க மறந்துவிடுகிறோம். காதை அடைக்காத சாதாரண இயர்போன் வெளிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடுவதால் இன்னும் ஏற்ற வேண்டியிருக்கும். சிலிகான் முனையுள்ளது, அல்லது இரைச்சல் நீக்கும் வசதியுள்ளது என்றால் குறைந்த வால்யூமிலேயே பாட்டு கேட்கும். (சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள், அது வேறு ஆபத்து.) பல போன்கள் வாரக் கணக்கைத் தாமே எச்சரிக்கையாகக் காட்டுகின்றன. நாம்தான் ‘ஓகே’ அழுத்தி மூடிவிடுகிறோம்.

பட்டாசு இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. காதுக்குள் ஒரு சின்னத் தசை உரத்த ஒலிக்குச் சுருங்கிக் கொஞ்சம் பாதுகாக்கும். ஆனால் அது சுருங்குவதற்குள் வெடி வெடித்து முடிந்திருக்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்பது இந்தியச் சட்டத்தின் வரம்பு. அதே வெடிக்கு ஒரு மீட்டர் தொலைவில் நிற்கிற பையனுக்கு 12 டெசிபல் அதிகமாக விழும்.

தூரம் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். திறந்த வெளியில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரிலிருந்து 16 மீட்டருக்கு நகர்ந்தால் 18 டெசிபல் குறைவு, அனுமதி நேரம் 64 மடங்கு. மண்டபத்துக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் இவ்வளவு லாபம் கிடைக்காது, அங்கே அடிக்கடி வெளியே போய் வரலாம்.

காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக் போதும், ஆனால் சரியாகப் போட வேண்டும். விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலே பின்னோக்கி இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் மீறி ‘ஙொய்’ சத்தமோ அடைப்போ மறுநாளும் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். திடீர்ச் செவித்திறன் குறைவுக்கான மருந்து, தொடங்குவது தள்ளிப்போகப் போகப் பலன் குறைகிற மருந்து.