சிவப்பு நட்டைத் தொடாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பட்டறைக்குப் போன மாதம் ஒரு வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்த செவர்லே லாரி. தட்டையான மூக்கு, குட்டையான முன்பக்கம், 16 அங்குல ரிம்மில் பெரிய டயர்கள். ஃபோர்டும் செவர்லேயும் சேர்ந்து இந்த வகையில் 4 லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்தன. போர் முடிந்த பிறகு இவற்றில் சில கேரளத்துக் கூப்புகளில், அதாவது காட்டில் மரம் வெட்டும் இடங்களில், தடி இழுத்தே காலம் கழித்தன. இதுவும் அப்படி உழைத்து, ஒரு தென்னந்தோப்பில் மட்டைக்கு அடியில் கிடந்ததுதான்.

வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரத் தம்பி. முப்பது வயது இருக்கும். ஆசை தாங்காமல், என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே தானாகச் சுரண்டிப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். பாடி, பம்பர், சக்கரம், நட்டு எல்லாம் ஒரே பச்சை.

"டயருக்குக் காத்தடிச்சுப் பார்த்தனுங்கண்ணா, நிக்குது. வீலைக் கழட்டலாம்னா இந்த நட்டுதான் அசைய மாட்டேங்குது" என்றார்.

எந்த நட்டு என்று கேட்டேன். ரிம் ஓரத்தில் இருந்த நட்டைக் காட்டினார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. துரு பிடித்து இறுகியிருந்ததால் தப்பினார்.

அந்தச் சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கும். ஹப்பைச் சுற்றி உள்ளே இருப்பவை சக்கரத்தை வண்டியோடு பிடிப்பவை. வெளி வட்டத்தில் இருப்பவற்றின் வேலை வேறு. அந்த ரிம் ஒரே துண்டு கிடையாது, இரண்டு தட்டுகள். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது வெளி வட்ட நட்டுகள் மட்டுமே. போர்க்களத்தில் மெஷின் இல்லாமல் டயர் மாற்ற வேண்டும், அதிலும் குண்டு பட்டாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய கெட்டி டயர். அதை ஒற்றை ரிம்மில் நெம்பி ஏற்ற முடியாது என்பதால் இப்படிச் செய்தார்கள். வில்லிஸ் ஜீப்பிலும் டாட்ஜ் முக்கால் டன் வண்டியிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

டயரில் காற்று இருக்கும்போது வெளி நட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஜீப் டயரையே எடுத்துக்கொள்வோம், 6.00-16. ரிம் ஓரத்திலிருந்து டயர் நன்றாக உப்பியிருக்கும் இடம் வரை ஒரு பக்கச் சுவரின் பரப்பு சுமார் 180 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு காற்று என்றால் 6,300 பவுண்டு. கிலோவில் சொன்னால் 2,800க்கு மேல். அந்தக் கனத்தில்தான் காற்று ஒரு பாதி ரிம்மை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. செவர்லேயின் பெரிய டயருக்கு இன்னும் கூடும். பாதி நட்டுகளைக் கழற்றிய பின் மீதி நட்டுகளின் மரை பிய்த்துக்கொண்டால், தட்டு நேராக ஸ்பானர் பிடித்திருப்பவர் நெஞ்சுக்கோ முகத்துக்கோ வரும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்காகவே அந்த வெளி நட்டுகளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்தார்கள். சிவப்பைத் தொடாதே, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் புரியும். எண்பது வருடத்தில் துருவும் மண்ணும் அந்தச் சிவப்பை மூடிவிட்டன. எஞ்சியிருந்தாலும் நாம் சுரண்டி எடுத்து மேலே பச்சை அடித்துவிடுகிறோம். வண்டியைப் புதுப்பிக்கிறோம் என்று நினைத்து, அதில் எழுதியிருந்த எச்சரிக்கையை அழிக்கிறோம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

என் பட்டறையில் பழைய ராணுவ வண்டி எது வந்தாலும் முதல் வேலை வால்வு ஊசியைக் கழற்றுவது. ஸ்பானர் எடுப்பது அதற்குப் பிறகுதான். காற்று இறங்கிய சத்தம் கேட்டால் போதாது. உள்ளே துரு அடைத்துக்கொண்டு பாதிக் காற்று நிற்பதுண்டு. ஒரு கம்பியை வால்வுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். டயரைக் கையால் அழுத்தினால் தொளதொளவென்று இருக்க வேண்டும். அதன் பிறகு உள் வட்ட நட்டைக் கழற்றிச் சக்கரத்தைத் தனியே இறக்கி, தரையில் படுக்க வைத்து, மறுபடி ஒருமுறை கம்பி விட்டுப் பார்த்த பிறகே வெளி நட்டு. நட்டு இறுகியிருந்தால் கேஸ் வைத்துச் சூடாக்குவார்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் அதைச் செய்யவே கூடாது. ரப்பர் சூட்டில் வெந்து உள்ளே வாயு உண்டாகி டயரே வெடிக்கும்.

ஜிஎம்சி பெரிய லாரியிலும் நம் ஊர்ப் பழைய லாரிகளிலும் 20 அங்குல ரிம்மில் வருவது வேறு வகை, லாக் ரிங். இரும்பு வளையம் ரிம்மில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் உட்கார்ந்து டயரைப் பிடிக்கும். கழற்றும்போது ஆபத்து உண்டு, காற்றடிக்கும்போது அதைவிட அதிகம். பொள்ளாச்சியில் நான் தொழில் பழகிய காலத்தில், பக்கத்துப் பஞ்சர் கடையில் ஒரு ரிங் தெறித்துத் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்த பையனுக்கு முன்கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. தலை நேராக இருந்திருந்தால் அவன் இன்று இல்லை. ஒரு வண்டி ரிங்கை இன்னொரு வண்டி ரிம்மில் போட்டிருந்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், காடியில் முழுதாக உட்காராது. துரு அரித்த ரிங், வளைந்த ரிங், வெல்டிங் வைத்த ரிங் எதையும் நான் போடுவதில்லை. உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுங்கள். சக்கரத்தை உள்ளே வைத்துக் காற்றடிக்க இரும்புக் கூண்டு வேண்டும். வால்வில் தானாகக் கவ்விக்கொள்ளும் கிளிப்பும் நீளமான ஹோஸும் வேண்டும். ரிங் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்க வந்தவர்களும்தான்.

அடுத்தது பிரேக். டிரம்மைத் திறந்ததும் கறுப்புத் தூளைக் கம்ப்ரஸர் வைத்து ஊதுவது பட்டறைகளில் பழக்கம். நானும் பல வருடம் ஊதியவன். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அதன் இழை நுரையீரலில் தங்கி, 20, 30, 40 வருடம் கழித்து நோயாக வெளிப்படும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு. துணி கட்டிக்கொண்டால் நிற்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் வீசுகிற வேகத்தில், ஒரு டிரம்மில் ஊதினால் பட்டறை முழுக்கப் பரவும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியில் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடுங்கள். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்கப் போடாதீர்கள். பிள்ளைகளைத் தூக்குவதற்கு முன் குளித்துவிடுங்கள். புது லைனிங் வாங்கும்போது கல்நார் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போதும் இதே கவனம் வேண்டும், அதில் ஈயம் இருக்கும். உலர்ந்தபடி தேய்க்காமல், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் தேயுங்கள்.

தம்பி அந்தச் செவர்லேயின் டயல்களையும் கழற்றி வைத்திருந்தார். இருட்டில் தெரிவதற்காக அந்தக் காலத்தில் சில ராணுவ மீட்டர்களில் ரேடியம் கலந்த பெயின்டால் எண் எழுதினார்கள். இப்போது ஒளி விடாததால் வீரியம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். போனது ஒளிர்கிற பூச்சுதான். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடிக்குள் இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. திறந்து சுரண்டினால் தூள் விரலில் ஒட்டி வாய்க்குப் போகும். கண்ணாடி உடையாத டயலை அப்படியே விடச் சொன்னேன். பழைய டயலின் அழகு பழையதாக இருப்பதில்தான், புதிதாக எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

இன்னும் ஒன்று. இந்த வண்டிகளில் பிரேக் ஆயில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதையில் போகிறது. ஒரு சக்கரத்தில் ஒரு வாஷர் கிழிந்தாலும் நான்கும் போய்விடும். சிலிண்டர், ஹோஸ், பைப் எல்லாம் புதிதாக மாற்றாமல் நெல்லியாம்பதி மாதிரி மலை ஏறாதீர்கள். ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் தெரியும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று சரிவில் நிறுத்திப் பார்த்த பிறகே வண்டியை ரோட்டுக்கு விடுகிறேன்.

செவர்லேயின் ஐந்து சக்கரத்தையும் பிரித்துப் பார்த்ததில் இரண்டு ரிம் தட்டு மடிப்பில் விரிசல் விட்டிருந்தது. வேறு தட்டு தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கும்வரை வண்டி மரக்கட்டையில் நிற்கும். நல்ல தட்டுகளின் வெளி நட்டுகளுக்குச் சிவப்பு அடிக்கும் வேலையை அந்தத் தம்பியிடமே கொடுத்தேன்.

இப்படிப்பட்ட சக்கரம் உங்களிடம் இருந்தால் காற்றை முழுதாக இறக்கிவிட்டுக் காலையில் கொண்டுவாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்த வேலையை நான் தொடுவதில்லை.