புனம்: ‘வெட்டி எரிப்பு வேளாண்மை’க்கு நம்மிடம் உள்ள சொல்

சென்னை நாளிதழ்களிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் ‘வெட்டி எரிப்பு வேளாண்மை’ என்றொரு தொடர் அடிக்கடி கண்ணில் படும். ‘ஸ்லாஷ் அண்ட் பர்ன்’ என்பதை அப்படியே தமிழாக்கியது. ‘இடப்பெயர்வு வேளாண்மை’யும் ‘ஷிஃப்டிங் கல்டிவேஷ’னின் நேர்ப்பெயர்ப்பு. இரண்டும் தவறில்லை. ஆனால் இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: புனம்.

மலைச்சரிவில் காட்டைத் திருத்தி, மழையை நம்பித் தினையும் ஐவனம் என்னும் மலைநெல்லும் அவரையும் விளைவிக்கும் நிலம் புனம். வடபழனிக்கோ கந்தகோட்டத்துக்கோ போய்வருகிறவர்களுக்கு வள்ளி காவல் காத்த தினைப்புனத்தைத் தெரியாமல் இருக்காது. அப்படியொரு புனம் எப்படி உண்டாகிறது என்பதைக் கபிலர் குறுந்தொகை 198ஆம் பாட்டில் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். யா என்னும் மரங்களை வெட்டிச் சுட்ட இடத்தில், கரும்போ என்று மயங்கும் அளவுக்கு அடித்தண்டு தடித்த செந்தினை நிற்கிறதாம். புறநானூறு 159இல் ‘கரிபுனம்’ என்றே வருகிறது. எரிந்து கரிந்த புனத்தை உழுது ஐவனம் விதைக்கிறார்கள். புதிதாகத் திருத்திய கொல்லைக்கு ‘இதை’, பழங்கொல்லைக்கு ‘முதை’ என்று தனித்தனிப் பெயர்களும் இருந்தன. (புன்செய்யை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ‘புன்’ என்ற அடியிலிருந்து வந்த வேறு சொல்.)

மலையாளத்தில் இது இன்றும் ‘புனம் கிருஷி’. இலங்கைத் தமிழர் ‘சேனைப் பயிர்ச்செய்கை’ என்பார்கள். சிங்கள ‘ஹேன’வோடு உறவுள்ள சொல் அது. வடகிழக்கில் ஜூம், ஆந்திர, ஒடிசா மலைகளில் போடு, கர்நாடகத்தில் கும்ரி. ஆங்கில மானிடவியலாளர்கள்கூட 1950களில் ‘ஸ்விட்டன்’ என்ற பழைய வடஇங்கிலாந்து வட்டாரச் சொல்லைத் தேடி எடுத்து வந்தார்கள். சுட்டுத் திருத்திய நிலம் என்பதே அதற்கும் பொருள். அவர்கள் தேடிப்போனது நம் கரிபுனத்தைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

கபிலரின் தினை ஏன் அப்படித் தடித்தது? வெப்பமண்டலக் காடுகள் பலவற்றில் வளத்தின் பெரும்பங்கு மண்ணில் இருப்பதில்லை, மரத்தில் இருக்கிறது. பெருமழை காலங்காலமாகக் கழுவிக் கழுவி, அந்தச் செம்மண் பல இடங்களில் அமிலம் மிகுந்து, அலுமினியம் வேரை வாட்டும் நிலைக்கு வந்திருக்கும். மரத்தை எரித்தால் அதிலிருந்த சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஒரே நாளில் மண்மேல் விழுகின்றன, அமிலம் தணிகிறது. பொட்டாசியத்துக்கு உழவர்கள் வைத்த பெயரே ‘சாம்பல் சத்து’ என்பதைக் கவனியுங்கள். தழைச்சத்தோ (நைட்ரஜன்) பெரும்பங்கு புகையோடு போய்விடும், கந்தகமும் அப்படியே. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சருகுத்தீயின் சூடு மேல் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. அங்குள்ள களைவிதைகள் வெந்துபோவது உழவருக்கு லாபம். பெரிய கட்டைகளைக் குவித்து எரித்த இடத்தில் மட்டும் மண் செங்கல்போலச் சிவந்து இறுகும்.

சாம்பலின் வளம் நிலைக்காது. சரிவில் முதல் பெருமழையே ஒரு பங்கை அடித்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று போகத்தில் விளைச்சல் இறங்கும், களை ஏறும். அப்போது புனத்தை விட்டுவிட வேண்டும். பிறகு வேலை செய்வது காடுதான்: ஆழ வேர்கள் கீழே இறங்கிய சத்தை மேலே இழுக்கும், உதிரும் இலை மட்கும், நிழல் விழுந்து களை சாகும். இதற்கு 15, 20 ஆண்டு கொடுத்துவந்த இடங்களில் இன்று பல இடங்களில் ஐந்துகூடக் கிடைப்பதில்லை. நிலம் சுருங்கியது, ஆள் பெருகியது, வனச்சட்டம் எல்லை போட்டது. மண் கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ‘வெட்டி எரிப்பு’ என்ற தொடரில் எனக்குள்ள குறை இதுவே: ஓரிரு நாள் தீ பெயரில் நிற்கிறது, ஆண்டுக்கணக்கான ஆறப்போடுதல் காணாமல் போகிறது.

எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் மாலையில் பெட்டியைத் தட்டிக் கொட்டும்போது இரண்டு விழும். ஒன்று வெள்ளைச் சாம்பல். மாடித்தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள், நாலு முறை தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள சாம்பல் சத்து பெரும்பாலும் கரைந்துவிடும். மற்றது எரிந்தும் எரியாத கரித்துண்டு. அது எளிதில் மட்காது, சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமேசான் காட்டில் ‘டெரா ப்ரெட்டா’ என்னும் கருமண் திட்டுகள் அப்படிப்பட்ட கரியாலும் எலும்பாலும் பானையோட்டாலும் ஆனவை. பழங்குடி மக்கள் உருவாக்கி ஆயிரம் ஆண்டு கடந்தும் அவை வளமாக இருக்கின்றன.

அதே அமேசான் 2019இல் எரிந்தபோது இங்கே சில செய்திகள் அதையும் ‘வெட்டி எரிப்பு வேளாண்மை’ என்றன. அங்கே காட்டை அழித்துப் பெரும்பாலும் மாட்டு மேய்ச்சலுக்கு நிலமாக்கினார்கள். காடு திரும்பி வருவதற்கு அதில் இடமே இல்லை. 2015இல் இந்தோனேசியாவின் சதுப்பு நிலங்களில் பெரிதும் எரிந்ததோ, செடிகொடிகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்த மண்ணே. இவற்றுக்கு ‘காடழிப்புத் தீ’ என்ற பெயர் போதும். ஆறப்போட்டு, திரும்ப வந்து விதைக்கும் முறைக்குப் ‘புனச் சாகுபடி’ என்றோ ‘புன வேளாண்மை’ என்றோ எழுதலாம்.