இத்தாலியர்கள் விலைக்கு முன் ஆளைப் பார்ப்பார்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல், காலணி நிறுவனங்களுக்காக இத்தாலிய பையர்களோடு (சரக்கு வாங்குபவர்களோடு) பேசுவது என் வேலை. ஏற்றுமதிக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "நம் விலைதான் குறைவு, சாம்பிளும் நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்புறம் ஏன் பதிலே வரவில்லை?"

விலைப்பட்டியல் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அனுப்பியவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த மௌனத்தைப் பார்த்து "இத்தாலிக்காரர்கள் சோம்பேறிகள்" என்று முடிவுகட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல தொழில் உறவுகள் இப்படித்தான் தொடங்காமலேயே போகின்றன.

இத்தாலி ஒரே நாடானது 1861ல்தான். ரோம் தலைநகரானது 1871ல். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் சிறு அரசுகள், அந்நியர் ஆட்சி, போப்பின் ஆட்சி என்று மாறி மாறி வந்தன. யார் ஆண்டாலும் மக்களுக்குத் துணை நின்றது குடும்பமும் சொந்த ஊரும்தான். இன்றும் அங்கே ஒரு சிவில் வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும். அதனால் நீதிமன்றத்தை நம்பி ஒப்பந்தம் போடுவதைவிட, தெரிந்த மனிதரை நம்பிச் சரக்கு வாங்குவது மேல் என்று நினைக்கிறார்கள். அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

தோல் தொழிலையே பாருங்கள். பீசாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவே ஆர்னோ ஆற்றங்கரையில் சாந்தா குரோச்சே, வடக்கே விசென்சா மாவட்டத்தில் அர்சிஞ்ஞானோ, தெற்கே நேப்பிள்ஸ் பகுதியில் சோலோஃப்ரா என்று ஊர் ஊராகத் தொழில் திரண்டிருக்கிறது. பதனிடுபவர், ரசாயனம் விற்பவர், இயந்திரம் பழுதுபார்ப்பவர் எல்லாரும் ஒரே வட்டாரம். ஒருவரிடம் வாக்குத் தவறினால் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிடும். நன்றாக நடந்துகொண்டாலும் அப்படித்தான். ஆனால் அர்சிஞ்ஞானோக்காரரிடம் சோலோஃப்ராவைப் பற்றி அவர் ஊர்போலவே பேசிவிடாதீர்கள். முதலில் அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள். சாந்தா குரோச்சே இருக்கும் தஸ்கனியில், ரொட்டியில் ஏன் உப்பே போடுவதில்லை என்று கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் ஆசையாகப் பேசுவார்கள்.

இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை குடும்பச் சொத்து. பெரிய பெயர்களிலும் அப்படி உண்டு. துப்பாக்கி செய்யும் பெரெட்டா குடும்பத்தின் தொழிலுக்கு 1526ஆம் ஆண்டிலேயே ஆவணம் இருக்கிறது. இத்தாலியச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சப் பங்கை உயில் எழுதிப் பறிக்க முடியாது. தொழிலை உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசிடம் ஒப்படைத்து, மற்றவர்களுக்கு ஈடு கொடுக்க வழிசெய்யும் சட்டம் 2006ல்தான் வந்தது. ஆகவே குடும்பத்தில் பலருக்கும் நிறுவனத்தில் பங்கு இருக்கும்; உங்களோடு பேசும் பர்ச்சேஸ் மேனேஜர் தலையாட்டிவிட்டார் என்பதால் ஆர்டர் உறுதியாகிவிடாது. கணக்கைப் பார்க்கும் அக்கா, தொழிற்சாலையைப் பார்க்கும் தம்பி, ஓய்வு பெற்றும் தினமும் வந்துபோகும் அப்பா எல்லாரும் சம்மதிக்க வேண்டும். முடிந்தால் அவர்கள் எல்லாரையும் சந்தியுங்கள். பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். பட்டம் பெற்ற ஆண் எவரையும் அங்கே "தொத்தோரே" என்பார்கள், பெண்ணை "தொத்தோரெஸ்ஸா" என்பார்கள், பொறியாளரை "இஞ்செஞ்ஞேரே" என்பார்கள். ஒருமையில் பேசலாம் என்று அவரே சொல்லும்வரை மரியாதை விகுதியை விடக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். அங்கேதான் உங்களை எடைபோடுகிறார்கள். முதல் தட்டு முடிவதற்குள் விலையை எடுக்க வேண்டாம், அவர்களே எடுப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனம்கோணாமல் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்ப்பார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

உங்கள் உடையும் சரக்கைப் பெட்டி கட்டும் விதமும் கவனிக்கப்படும். கசங்கிய பெட்டியில், நூல் தொங்கும் சாம்பிளை அனுப்பினால், சரக்கும் அப்படித்தான் வரும் என்று முடிவுசெய்துவிடுவார்கள். நான் இதை நியாயமான எதிர்பார்ப்பாகவே பார்க்கிறேன்.

ஆகஸ்ட் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை. அதையொட்டிப் பல தொழிற்சாலைகள் இரண்டு மூன்று வாரம் மூடிவிடும். மிலானில் லினேயாபெல்லே தோல் கண்காட்சி செப்டம்பரில் வரும். அதற்கான சாம்பிள் ஜூலை முதல் பாதியிலேயே அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். ஆகஸ்டில் அனுப்பினால் பார்சல் பிரிக்கப்படாமல் கிடக்கும். அந்த நாட்களில் அவசர மெயில்கள் அனுப்புவதும் நல்லதல்ல. குடும்பத்தோடு கடற்கரையில் இருப்பவரைத் தொந்தரவு செய்கிறீர்கள் என்றுதான் அது அவர்களுக்குப் படும்.

இவ்வளவு நெருக்கம் வந்த பிறகு பணத்தைப் பற்றி எழுத்தில் கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். அங்கே அரசு அலுவலகங்களே ஒப்பந்தக்காரர்களுக்குத் தாமதமாகப் பணம் கொடுத்ததற்காக ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஜனவரியில் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேலே தாமதமானால் கீழே இருக்கும் சிறு நிறுவனமும் தாமதிக்கும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். எத்தனை நாளில் பணம், எந்தத் தேதியிலிருந்து கணக்கு, தாமதமானால் என்ன வட்டி என்பதை முதல் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். எல்.சி. (பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம்) இல்லாத சரக்குக்கு இ.சி.ஜி.சி. காப்பீடு எடுங்கள்; வெளிநாட்டவர் பணம் தராவிட்டால் ஏற்றுமதியாளருக்கு ஈடு தரும் அரசு நிறுவனம் அது. தேதி நெருங்கும்போது, குடும்பத்தில் கணக்கைப் பார்ப்பவர் யாரோ அவரிடமே போன் போட்டு நலம் விசாரித்துவிட்டுப் பணத்தை நினைவுபடுத்துங்கள்.