ஆர்க்கைவ்: ஆவணக்காப்பகமா, ஆவணகமா?

ஆந்திர எல்லையில் இருக்கிற குப்பம் ஊர்ப் பக்கம் ‘ஆர்க்கைவ்’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ‘ரிக்கார்டு’ என்றால் புரியும், ‘தஸ்தாவேஜு’ என்றால் இன்னும் நன்றாகவே புரியும், ஆனால் எந்தச் சர்வே நம்பர், பங்காளித் தகராறா என்று அடுத்த கேள்வி வந்துவிடும். வீட்டில் தமிழும் ஆபீசில் தெலுங்கும் பேசுகிற இந்த எல்லையில் திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலீர்ப்புள்ளவர்கள் எல்லோருடைய பழைய படங்களையும் கடிதங்களையும் பேச்சையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினால், அந்த இடத்துக்கு என்ன பெயர் என்பதிலேயே பேச்சு முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதனால்தான் இந்த விளக்கம்.

ஆர்க்கைவ் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அங்கே ‘ஆர்க்கேயோன்’ என்றால் ஆட்சி அலுவலர் இருக்கிற இடம், அரசாங்க வீடு. ஊர்க் காகிதங்கள் அங்கே இருந்ததால் நாளடைவில் காகிதக் கிடங்குக்கும் அதே பெயர் நிலைத்தது. அதிகாரம் யார் கையிலோ காகிதமும் அவர் கையில் என்பது சொல்லின் வேரிலேயே இருக்கிறது. நம் மக்கள் விஷயத்தில் இது அப்படியே பலித்தது. வெள்ளைக்காரன் 1871இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்திய மாகாணங்களில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கைகளின் பெயர், இருப்பிடம் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. இன்றைக்கு வரலாறு எழுதப் போகிறவர் முதலில் புரட்டவேண்டிய காகிதங்களில் இந்தப் போலீஸ் பட்டியலும் ஒன்று. எழுதினவன் நல்லெண்ணத்தில் எழுதவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஆவணம்’ சங்கப் பாட்டில் கடைத்தெரு. வடமொழி ‘ஆபண’த்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணர் “மல்லல் ஆவணம் மறுகுடன் மடியின்” என்கிறார். ஊரறியாமல் காதலனைப் பார்க்கத் துடிக்கிற பெண் பேசுகிற பாட்டு அது: கடைத்தெரு அடங்கினாலும் அம்மா தூங்கவில்லை, அம்மா தூங்கினால் காவல்காரர் தூங்கவில்லை என்று தடைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போவாள். நம்மில் பாதிப் பேருடைய இருபது வயசு இப்படித்தான் போயிருக்கிறது.

பிறகு சொல் கடைத்தெருவிலிருந்து பத்திரத்துக்கு மாறுகிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலம் விற்கிற இடத்தில் ‘ஆவணக்களரி’ வரும், கிட்டத்தட்ட இன்றைய ரிஜிஸ்டர் ஆபீஸ். பெரியபுராணத்தில் கல்யாணப் பந்தலில் கிழவராக வந்த சிவன் சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லி ஓலை நீட்ட, அவர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். அங்கே சபையார், அந்த ஓலையை எழுதியதாகச் சொல்லப்பட்ட சுந்தரரின் பாட்டனார் எழுதி, காப்பில் இருந்த வேறொரு எழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரு ஆர்க்கைவ் செய்யவேண்டிய வேலை மொத்தமும் அந்தக் கதையில் இருக்கிறது, ஆனால் அங்கேயும் ஆவணம் என்பது ஒருவரை இன்னொருவர் சொந்தம் கொண்டாடுகிற காகிதம்தான்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் சொல் ‘ஆவணக்காப்பகம்’. சென்னை எழும்பூரில் பழைய அரசுக் காகிதங்களை வைத்திருக்கிற அரசு நிறுவனத்துக்கு அது பொருத்தம், அதில் தகராறு இல்லை. நமக்குப் பிரச்சினை ‘காப்பகம்’. பேச்சில் இந்தச் சொல்லுக்கு முதியோர் காப்பகம், குழந்தைகள் காப்பகம் என்றுதான் பொருள், அதாவது வீட்டில் வேண்டாதவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம். திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் வந்தபோது, குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்தில் சேர்க்க உத்தரவிடும் என்று 12ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். இதையெல்லாம் அனுபவித்தவர்களிடம் போய் “உங்க போட்டோவைக் காப்பகத்துக்குக் கொடுங்கம்மா” என்றால் போட்டோ மறுபடி பெட்டிக்குள் போய்விடும்.

ஈழத் தமிழர்கள் இதை எப்போதோ சுருக்கிவிட்டார்கள். ஈழத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கிற ‘நூலகம்’ நிறுவனம் தன் பல்லூடகத் தொகுப்புக்கு வைத்திருக்கிற பெயர் ‘ஆவணகம்’. நூல் இருந்தால் நூலகம், ஆவணம் இருந்தால் ஆவணகம். என் ஓட்டு இதற்குத்தான். ‘நினைவகம்’ என்றும் சிலர் சொல்கிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது தலைவர்கள் சமாதிக்குப் போய் ஒட்டிக்கொண்ட சொல், உயிரோடு இருப்பவர் படத்தை அதில் வைக்க யாருக்கு மனசு வரும்?

ஆவணகத்தில் எது ஆவணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்புவெள்ளைப் படம் ஒன்று: புடவையில் இரண்டு பேர், பின்புறம் தெலுங்கில் ஸ்டுடியோ முத்திரை, அதன்கீழே தமிழில் பால்பாயின்ட் பேனாவால் ‘அம்மாவும் நானும்’. இங்கே அம்மா என்றால் பெற்றவள் இல்லை, ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் குடும்பமாகக் கூடுகிற அமைப்பில், தத்தெடுத்தவள். இதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே பதிந்துகொண்டால்தான் அந்தப் படம் ஆவணம், இல்லாவிட்டால் யாரோ இரண்டு பெண்கள். ‘பாம்படுத்தி’ என்று பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வதும் ஆவணம்தான், அதைக் குரலோடு பதிய வேண்டும். பெண்ணைக் காதலித்த பெண்களின் பக்கம் இன்னும் வறட்சி, கடிதங்களை அவர்களே எரித்திருப்பார்கள், மிஞ்சுவது ‘தோழிகள் தற்கொலை’ என்று செய்தித்தாளில் வருகிற நாலு வரி. அதையும் வெட்டி வைக்கத்தான் வேண்டும், ‘தோழிகள்’ என்பது நிருபரின் சொல் என்ற குறிப்போடு.

தமிழில் முன்மாதிரி இல்லாமல் இல்லை, மதுரையில் திருநங்கை எழுத்தாளர் பிரியா பாபு நடத்தும் திருநங்கையர் ஆவண மையம் இருக்கிறது. பெங்களூரு தேசிய சட்டப்பள்ளியில் ‘கம்ரா’ என்ற பால்புதுமையினர் (ஆங்கிலத்தில் ‘குயர்’) ஆவணகம் இருக்கிறது, குப்பத்திலிருந்து ரயிலேறினால் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். கம்ரா என்றால் இந்தியில் அறை, அவர்கள் நீளமான ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறார்கள்.

நடைமுறைக்கு ஒன்றிரண்டு. பழைய படத்தை லேமினேட் செய்யாதீர்கள், நம் ஊரில் ரேஷன் கார்டு முதல் சாமி படம் வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்கிற வியாதி இருக்கிறது, சூட்டில் படம் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. பட்டியலில் எழுதுவது அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், சான்றிதழில் இருக்கிற பெயர் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். படத்தில் பக்கத்தில் நிற்பவர் இன்றைக்கு வாணியம்பாடியிலோ கிருஷ்ணகிரியிலோ பேரன் பேத்தியோடு இருக்கலாம், அவர் சம்மதம் கிடைக்கும்வரை அந்தப் படம் வெளியே போகக் கூடாது, வாட்ஸ்அப் குழுவுக்குக்கூட.