ஃப்ரெட்டும் மெட்டும்

மின்கிட்டாரின் கழுத்தில், தந்திகளுக்குக் குறுக்கே வரிசையாகப் பதிந்திருக்கும் உலோகக் கம்பிகளில் ஒவ்வொன்றும் ‘ஃப்ரெட்’ எனப்படும். விரலால் அழுத்தப்பட்ட தந்தி அக்கம்பியின்மேல் படிய, அதிரும் நீளம் குறைந்து சுருதி உயர்கிறது. ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் அமைந்து ‘கவலைப்படு’ என்று பொருள்படுவது வேறு சொல். அது ‘தின்னுதல்’ என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. இசைக்கருவிச் சொல்லுக்கு மூலம், வளையத்தையும் பூணையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லாக இருக்கலாம் என்பர். லூட் முதலிய பழைய கருவிகளில் குடல்நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியே ஃப்ரெட் அமைத்தார்கள் என்பதால், இக்கருத்து ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. வீணையின் தண்டியில் மெழுகின்மேல் பதிந்திருக்கும் 24 உலோகத் துண்டுகளை நாம் ‘மெட்டு’ என்றே அழைக்கிறோம். தெலுங்கில் மெட்டு என்றால் படி. சுரங்கள் படிப்படியாக ஏறும் இடத்துக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. ‘கட்டை’ என்று சொல்லலாமே எனில், ஐந்து கட்டை, ஆறு கட்டை என்று சுருதியைக் குறிக்க அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. பாட்டின் மெட்டோடு குழப்பம் நேராதா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறோம், கருவிக்கு மெட்டுப் பதிக்கிறோம், வினையே வேறுபாட்டைக் காட்டிவிடும்.

வீணையில் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திச் சரிசெய்யலாம். கிட்டாரில் மெட்டு மரத்திலேயே இறங்குவதால் அந்த வசதி இல்லை. மெட்டுக்கம்பியின் குறுக்குவெட்டைப் பார்த்தால், மேலே வளைந்த முகடும், கீழே பக்கங்களில் சிறு முட்களுடன் கூடிய வேரும் தெரியும். விரற்பலகையில் அறுத்த மெல்லிய பிளவுக்குள் வேரைச் சுத்தியலால் தட்டியோ அழுத்துபொறியால் அமுக்கியோ இறக்கும்போது, அம்முட்கள் மரத்தைக் கவ்விக்கொள்கின்றன. பிளவுகளின் இடம் கணக்கால் அமைவது: 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில், தந்தியின் தலைப்பக்க முனையிலிருந்து அளந்தால், முதல் மெட்டு ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டரிலும், பன்னிரண்டாவது சரிபாதியான 324 மில்லிமீட்டரிலும் வரும்.

பதித்தபின் செய்யும் நேர்த்திதான் கைவேலையின் உரைகல். எல்லா முகடுகளிலும் மைக்குச்சியால் மை தீட்டி, நீண்ட தட்டையான அரத்தை அவற்றின்மேல் ஓட்டினால், உயர்ந்த மெட்டில் மை அழியும்; தாழ்ந்ததில் அப்படியே நிற்கும். எல்லாவற்றிலும் மை அழியும்வரை தேய்ப்பதை ‘மெட்டு மட்டப்படுத்தல்’ எனலாம். இதனால் முகடு தட்டையாகிவிடுவதால், குழிந்த வாயுள்ள அரத்தால் அதை மீண்டும் வளைவாக்க வேண்டும். இது ‘முகடு திருத்தல்’. தட்டையாகவே விட்டால் தந்தி எந்த இடத்திலிருந்து அதிரும் என்பது தெளிவாக இராது, சுருதியும் பிசகும். அதன்பின் உப்புத்தாளைப் பருமனிலிருந்து மென்மைக்கு மாற்றிக்கொண்டே போய் மெருகேற்றுவார்கள்.

கடைசியில் மெட்டு நுனிகளைச் சரிவாக அராவி, கூர்மூலைகளை மழுக்குவார்கள். வறண்ட காலத்தில் மரம் சுருங்கினால், உலோகம் அவ்வாறு சுருங்காததால் நுனிகள் மீண்டும் வெளியே துருத்தும். கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டிப் பார்த்தாலே அது உறுத்தும்.